கண்ணாடி துடைப்பவரும் கடிகாரமும்



தொழில் திறன் என்றவுடன் நம் மனக்கண் முன் பெரிய ஆலைகளும், சுழலும் இயந்திரங்களும், வரிசையாக நின்று வேலை செய்யும் ஆயிரக்கணக்கான தொழிலாளரும் தோன்றுவது இயல்பு. இன்று நான் உங்களை அத்தகைய இடம் எதற்கும் அழைத்துச் செல்லப் போவதில்லை. இங்கிலாந்து நாட்டில் ஒரு சாதாரணத் தெருவுக்கு அழைத்துச் செல்கிறேன்.

காலை எட்டு மணி. தெருவின் இருபுறமும் செங்கல் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் முன்னும் பின்னும் பல கண்ணாடிச் சாளரங்கள். ஏணியும் வாளியுமாக ஒருவர் வருகிறார். அவருக்கு மேலதிகாரி இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு, சாளரக் கண்ணாடிகளை வெளிப்புறத்தில் துடைத்துக் கொடுப்பதே அவர் தொழில். வெயில் அருமையான நாடு அது. உள்ளே வரும் சிறிதளவு ஒளியையும் அழுக்குக்கு இரையாக்க எவரும் விரும்புவதில்லை. ஆகவே மாதம் ஒரு முறையோ இரு மாதத்துக்கு ஒரு முறையோ அவர் வருவதை வீட்டார் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

இந்தச் சிறு தொழிலில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். சிறு தொழிலாக இருப்பதால்தான் நான் இதனைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய ஆலையில் வேகத்தின் பயன் யாருக்குப் போகிறது, வேகத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது எளிதில் புலப்படாது. இங்கோ முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே. லாபமும் அவருடையது, களைப்பும் அவருடையது. ஆதலின், மற்ற இடங்களில் மறைந்து கிடக்கும் உண்மைகள் இவருடைய வாழ்வில், அவர் துடைத்த கண்ணாடியைப் போலவே, தெளிவாகத் தெரிகின்றன.

வேகம் என்றால் என்ன? கையை விரைவாக வீசுவதுதான் வேகம் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். அத்தகைய வேகத்துக்கும் இத்தொழிலில் ஒரு வீரர் உண்டு. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் பர்மிங்ஹாம் நகரில் டெர்ரி பரோஸ் என்ற ஆங்கிலேயர் மூன்று அலுவலகச் சாளரங்களை 9.14 வினாடிகளில் துடைத்து உலக சாதனை நிலைநாட்டினார். ஒவ்வொரு சாளரமும் நீளத்திலும் அகலத்திலும் 114.3 சென்டிமீட்டர். ஒரு சாளரத்துக்கு ஏறக்குறைய மூன்று வினாடி! நாம் ஒருமுறை மூச்சு விடும் நேரத்தில் ஒரு சாளரம் முடிந்துவிட்டது.

இதைக் கேட்டவுடன் நம் தெருக்காரர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாளரத்துக்கு மூன்று வினாடி என்றால், ஒரு மணி நேரத்தில் 1,200 சாளரங்கள்! ஒரு வாரத்தில் பணக்காரராகிவிடலாம் அல்லவா? ஆனால் அந்தச் சாதனையாளரே நாள் முழுவதும் அப்படிச் செய்து பிழைக்க இயலாது. ஏனென்றால், போட்டிக் களத்தில் மூன்று சாளரங்களும் தரைமட்டத்தில் அருகருகே நிற்கின்றன. தண்ணீர் தயாராக இருக்கிறது, கதவு பூட்டியிருப்பதில்லை, ஏணி வேண்டியதில்லை, நாய் குரைப்பதில்லை. தெருவில் இவையெல்லாம் உண்டு.

ஆகவே உண்மையான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். நம்மவர் ஒரு நாளில் 20 வீடுகளுக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு 10 சாளரங்கள். சாளரத்துக்கு ஒரு நிமிஷம். ஆக, கண்ணாடியின் மேல் அவர் கை இருக்கும் நேரம் 200 நிமிஷம். அதாவது மூன்று மணி இருபது நிமிஷம். ஆனால் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டவர் மாலை ஐந்து மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். அது ஒன்பது மணி நேரம், 540 நிமிஷம். மீதி 340 நிமிஷம் எங்கே போயிற்று?

ஏணியைச் சாய்ப்பதிலும் எடுப்பதிலும் போயிற்று. வாளியில் தண்ணீர் மாற்றுவதில் போயிற்று. கீழே வைத்துவிட்டு வந்த துணியை எடுக்க மேலிருந்து இறங்குவதில் போயிற்று. ஒரு தெருவில் ஒரு வீடு, அடுத்த வீடு இரண்டு மைலுக்கு அப்பால் என்று அலைவதில் போயிற்று. பின்வாசற் கதவு பூட்டியிருக்க, மணியடித்துவிட்டு நிற்பதில் போயிற்று. பகலுணவு ஒன்றுதான் இந்தப் பட்டியலில் நியாயமான செலவு!

இப்போது இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் வலிக்க, கையின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலும், நாளெல்லாம் அவர் மிச்சப்படுத்துவது சுமார் 20 நிமிஷம். மாறாக, வீட்டுக்கு வீடு வீணாகும் நேரத்தில் ஐந்து நிமிஷத்தைக் குறைத்துவிட்டால், 20 வீடுகளுக்கு 100 நிமிஷம் மிச்சமாகிறது. முன்னது கையின் உழைப்பு. பின்னது அறிவின் உழைப்பு. வேண்டாத வேலையைச் செய்யாமல் விடுவதே வேகத்தின் முதற்படி என்பது இதிலிருந்து விளங்கும்.

இவ்வுண்மையை உலகுக்கு முறையாக எடுத்துக் காட்டியவர்களுள் ஒருவர் பிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர். 1885-ஆம் ஆண்டில், தம் 17-ஆம் வயதில், அவர் கொத்து வேலை கற்கச் சேர்ந்தார். சேர்ந்தவுடன் ஒரு விந்தையைக் கவனித்தார். கொத்தனார் மெதுவாக வேலை செய்யும்போது ஒரு விதமாகக் கையை அசைக்கிறார். விரைந்து செய்யும்போது வேறு விதமாக அசைக்கிறார். பிறருக்குக் கற்றுக் கொடுக்கும்போதோ மூன்றாவது விதம்! இவற்றுள் எது சரி என்று அந்த இளைஞர் கேட்டார். தெளிவான விடை கிடைக்கவில்லை. அந்த விடையைத் தேடுவதே அவர் வாழ்க்கைப் பணியாயிற்று.

ஒரு செங்கல்லை வைப்பதற்குக் கொத்தனார் 18 அசைவுகள் செய்வதை அவர் எண்ணிக் கண்டார். அவற்றை ஐந்தாகக் குறைத்தார். எப்படிக் குறைத்தார்? கொத்தனாரை அதட்டியோ விரட்டியோ அன்று. ஒவ்வொரு செங்கல்லுக்கும் கொத்தனார் தரைவரை குனிந்து நிமிர்வதைக் கண்டு, செங்கல்லும் சாந்தும் இடுப்பளவு உயரத்தில் நிற்கும்படி சாரத்தை அமைத்தார். கல்லின் நல்ல முகம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாதபடி, கற்களை முன்கூட்டியே அடுக்கி வைக்கச் செய்தார். மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைக்க முடிந்தது. கொத்தனாரின் முதுகு வலி குறைந்தது, சுவரோ உயர்ந்தது.

கில்பிரெத் கொத்தனாரிடம் கண்டதை நம் தெருக்காரர் தம்மிடமே காணலாம். அவர் இறங்கி ஏறுவதும் ஒரு குனிவுதானே? துணியையும் கருவிகளையும் இடுப்பு வாரில் தொங்கும் உறைகளில் வைத்துக்கொண்டால், எதற்காகவும் கீழே வர வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். அந்த இடத்துக்குக் கை தானாகப் போகும் பழக்கம். கண் தேட வேண்டிய இடத்தைக் கை அறிந்திருக்குமானால், அதுவே பாதி வேகம்.

இனிக் கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கண்ணாடி துடைப்போரின் முதன்மையான கருவி ஸ்க்வீஜி என்பது. குறுக்குச் சட்டம் ஒன்றில் ரப்பர் விளிம்பைப் பொருத்தி, நடுவில் கைப்பிடி வைத்திருப்பார்கள். கண்ணாடியின் மேலுள்ள நீரை ஒரே இழுப்பில் வழித்தெடுக்கும் கருவியாதலால், நாம் அதனை வழிப்பான் என்றே சொல்லிக் கொள்ளலாம்.

முற்காலத்தில் வழங்கிய வழிப்பான் இரும்பாலானது, கனமானது. அதில் இரண்டு ரப்பர்ப் பட்டைகள் இருந்தன. ரப்பர் தேய்ந்தால் அதனை மாற்றுவதற்குப் பன்னிரண்டு திருகாணிகளைக் கழற்றி மாட்ட வேண்டும். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, கலிபோர்னியாவில் ஓக்லந்து நகரில் கண்ணாடி துடைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த எட்டோரே ஸ்டெக்கோனே என்பவருக்கு இந்தக் கருவியோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. அவர் பொறியியற் கல்லூரியில் படித்தவர் அல்லர். ஆனால் தம் கை எங்கே நோகிறது என்பதை அறிந்தவர். இலேசான பித்தளைச் சட்டம், கூரிய விளிம்புடைய ஒரே ரப்பர்ப் பட்டை, எளிதில் மாற்றும் அமைப்பு என்று புதிய வழிப்பான் ஒன்றை உருவாக்கி, 1936-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

தொடக்கத்தில் வியாபாரிகள் அதனை வாங்கி விற்க முன்வரவில்லை. நியூயார்க் நகர வியாபாரி ஒருவரிடம், "இன்னும் சில நாளில் நீங்களே இதனைத் தேடி வருவீர்கள்" என்று சொல்லி, ஒரு புதுத் தொப்பியைப் பந்தயமாக வைத்தார் என்று கதை சொல்வார்கள். பின்பு அந்நகரத்துத் தொழிலாளருக்குத் தம் கருவியை இலவசமாகக் கொடுத்தாராம். ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவர்கள் பழைய இரும்பைத் தொடவில்லை. அதே வியாபாரியிடம் போய்ப் புதியதைத்தான் கேட்டார்கள். தொப்பியை வென்றவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிலை உள்ளிருந்து அறிந்தவன் சிந்திக்கத் தொடங்கினால், வெளியிலிருக்கும் நிபுணருக்குத் தோன்றாததும் அவனுக்குத் தோன்றும்.

நல்ல கருவி இருந்தால் மட்டும் போதுமா? அதனைக் கையாளும் முறை வேண்டும். முதலில் கண்ணாடியைச் சவர்க்கார நீரால் நன்கு நனைத்து அழுக்கை ஊறவிட வேண்டும். சவர்க்காரம் அழுக்கைக் கரைப்பதோடு, ரப்பர் தடையின்றி வழுக்கிச் செல்லவும் உதவுகிறது. பிறகு மேலிருந்து கீழே வர வேண்டும். நீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்ற இயற்கை விதியை எதிர்த்து எவரும் வென்றதில்லை. பழகாதவர் ஒவ்வொரு இழுப்புக்கும் கருவியைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, துடைத்து, மீண்டும் வைக்கிறார். பழகியவரோ மேல் மூலையில் வைத்ததை எடுப்பதே இல்லை. இடமும் வலமுமாக வளைத்து வளைத்து, பாம்பு ஊர்வதுபோல் கீழே கொண்டுவந்து, ஒரே தொடர்ச்சியாக முடித்துவிடுகிறார். அவர் கை நிதானமாகவே நகர்கிறது. ஆயினும் வேலை முன்னதாக முடிகிறது. காரணம், நடுவில் நிற்பதில்லை.

ரப்பர் விளிம்பு மழுங்கிவிட்டால் கண்ணாடியில் நீர்க்கோடு விழும். அந்தக் கோட்டைத் துணியால் துடைக்க வேண்டும். துடைத்த இடம் மங்கலாகும். மறுபடியும் துடைக்க வேண்டும். சில காசு பெறுமான ரப்பரை மாற்றத் தயங்கி, நாள் முழுவதும் இரட்டை வேலை செய்பவர் சிக்கனக்காரர் அல்லர். வேகப் போட்டியிலும் நீர்க்கோடு விட்டவருக்குத் தண்டனையாக நேரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். தெருவில் அந்தத் தண்டனை இன்னும் கடுமையானது. வீட்டுக்காரர் திரும்ப அழைத்துக் காட்டினால், முடித்த வேலைக்காக மறுபடி நடந்து வர வேண்டும். அழைக்காமலே வேறொருவரை ஏற்பாடு செய்துகொண்டாலோ, அந்த வீடே போயிற்று. ஆகவே செம்மையும் வேகமும் பகைவர்கள் அல்லர். முதல் முறையே செம்மையாகச் செய்வதுதான் மிகக் குறைந்த நேரத்தில் செய்வது.

கையின் ஒழுங்கைப் போலவே நாளின் ஒழுங்கும் முக்கியம். அனுபவமுள்ளவர் வாடிக்கையாளரை ஊரெல்லாம் சிதறவிடுவதில்லை. ஒரு தெருவில் ஒரு வீடு கிடைத்தால், அடுத்தடுத்த வீடுகளிலும் கேட்டுப் பார்த்து, நடை குறையும்படி தம் சுற்றை நெருக்கமாக அமைத்துக் கொள்கிறார். வெயில் காலத்தில் சூரியனையும் கணக்கில் சேர்க்கிறார். வெயில் நேரே விழும் கண்ணாடியில் சவர்க்கார நீர் வழிப்பதற்குள் உலர்ந்து கறையாகும். ஆதலால் காலையில் மேற்குப் பக்கத்தையும் மாலையில் கிழக்குப் பக்கத்தையும் துடைத்து, நிழலைத் தொடர்ந்து செல்கிறார். குறித்த காலத்தில் தவறாமல் போகிறார். நான்கு வார அழுக்கு ஒரே இழுப்பில் போகும். ஓராண்டு அழுக்கு சுரண்டினாலும் எளிதில் போகாது. பாடத்தை நாள்தோறும் படிப்பதற்கும், தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் விழித்திருந்து படிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது அல்லவா?

முன்பெல்லாம் பகலில் துடைத்துவிட்டு, மாலையில் மீண்டும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கூலி வாங்குவது வழக்கம். கதவு திறவாத வீட்டுக்கு இரண்டாம் நடை, மூன்றாம் நடை. இக்காலத்தில் பலர் கூலியை வங்கி வழியாகவே செலுத்தச் செய்து அந்த மாலை நேரத்தை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளை வருகிறேன், பின்வாசற் கதவைத் திறந்து வையுங்கள் என்று முதல்நாள் மாலை ஒரு செய்தி அனுப்பினால், மணியடித்துக் காத்திருக்கும் நேரமும் மீளுகிறது. கண்ணாடியைத் தொடாமலே கண்ணாடி துடைக்கும் வேகம் கூடிவிட்டது!

இதுவரை நான் சொன்னவற்றைக் கேட்டு, எங்கே நேரம் கிடைக்கும் என்று வேட்டையாடப் புறப்படுவீர்களானால், ஒரு கணம் நில்லுங்கள். இவ்வேட்டையில் ஓர் ஆபத்து உண்டு. அதற்குக் கில்பிரெத்தே சாட்சி. அவருக்குப் பன்னிரண்டு குழந்தைகள். அவர்களில் இருவர் தந்தையைப் பற்றி 1948-இல் வெளியிட்ட நூலில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார்கள். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அவர் இரு கைகளிலும் இரு சவரக் கத்திகளைப் பிடித்துச் சவரம் செய்து பார்த்தாராம். 44 வினாடி மிச்சமாயிற்று. ஆனால் கழுத்தில் பட்ட வெட்டுக்குக் கட்டுப் போட இரண்டு நிமிஷம் ஆயிற்று! அத்தோடு அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டாராம்.

சவரக் கத்தியில் நேர்ந்தது சிரிப்போடு போயிற்று. ஏணியில் நேர்ந்தால் சிரிக்க முடியாது. பிரிட்டனில் வேலை செய்யுமிடத்தில் நேரும் மரணங்களின் காரணங்களுள், உயரத்திலிருந்து விழுவது பல ஆண்டுகளாகவே முன்னணியில் நிற்கிறது. ஏணியை எப்படிச் சாய்ப்பது என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம், ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். நெருங்கி நின்றால் ஏணி பின்னோக்கிச் சாயும். அதிகம் விலகினால் கால் வழுக்கும். ஒரே இடத்தில் ஏணியை வைத்துக்கொண்டு, இடப்புறச் சாளரத்தையும் எட்டித் துடைத்துவிடலாம் என்று உடலை வளைப்பவர், ஏணியை நகர்த்தும் ஒரு நிமிஷத்தை மிச்சப்படுத்துகிறார். அதற்கு ஈடாகப் பந்தயத்தில் வைப்பது எதை? கூலிக்காரர் கால் முறிந்து படுத்தால் அவருக்கு விடுமுறைச் சம்பளம் ஏதேனும் கிடைக்கலாம். தனித்தொழில் செய்பவர் படுத்தால் வருமானமும் உடன் படுத்துவிடும். வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக வேறு கைக்குப் போகும். ஆயிரம் நாள் மிச்சப்படுத்திய நிமிஷங்கள் ஒரு கணத்தில் செலவாகிவிடும்.

பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டில் உயரத்தில் செய்யும் வேலை பற்றி ஒழுங்கு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் முதற்கொள்கை எளியது. ஏறாமலே செய்யக்கூடிய வேலைக்கு ஏறாதே என்பதே அது. இந்தக் கொள்கைக்கு உகந்த கருவியும் அப்போது வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. நீண்ட, இலேசான கம்பம். அதன் நுனியில் தூரிகை. கம்பத்தின் வழியே தூரிகைக்கு ஏறும் தண்ணீர். தொழிலாளி தரையில் நின்றபடியே மாடிச் சாளரத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, துடைக்காமலே அடுத்த சாளரத்துக்குப் போகிறார்.

துடைக்காவிட்டால் கறை படியாதா? விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதற்கு விடை சொல்லலாம். நீர் உலரும்போது கண்ணாடியில் தங்கும் வெண்புள்ளிகள் நீரல்ல. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு முதலிய உப்புகள். குழாய் நீரை மெல்லிய சவ்வின் ஊடே அழுத்தத்தால் செலுத்தியும், பிசின் மணிகளின் ஊடே பாய்ச்சியும் அவ்வுப்புகளை அறவே நீக்கிவிட்டால், அந்தத் தூய நீர் எதையும் விட்டுச் செல்லாமல் உலர்ந்துவிடும். ஆதலால் துடைக்கும் வேலையே இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய அழகு ஒன்று உண்டு. கில்பிரெத் வேண்டாத அசைவை நீக்கு என்றார். 2005-ஆம் ஆண்டு விதி வேண்டாத ஆபத்தை நீக்கு என்றது. இரண்டும் ஓரிடத்தில் வந்து சந்தித்தன. ஏணியைச் சுமப்பது, சாய்ப்பது, ஏறுவது, இறங்குவது, துடைப்பது ஆகிய ஐந்தும் ஒருங்கே நீங்கின. அந்த நாளில் மிக விரைவான முறையே மிகப் பத்திரமான முறையும் ஆயிற்று. எப்போதும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. நீண்ட கம்பத்தை நாளெல்லாம் தூக்கினால் தோளும் கழுத்தும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் வேகத்துக்கும் பத்திரத்துக்கும் போர் மூளும்போது, போரே வேண்டாத மூன்றாவது வழி ஒன்று இருக்கக்கூடும் என்று தேடிப் பார்ப்பது அறிவுடைமை.

கடைசியாக, இந்த வேகத்தின் பயன் யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்னும் ஊரிலுள்ள அரசாங்க ஆயுதச் சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். காரணம், ஸ்டாப் வாட்ச். தொழிலாளியின் பின்னே ஒருவர் நின்று ஒவ்வொரு அசைவுக்கும் நேரம் குறித்ததை அவர்கள் பொறுக்கவில்லை. இன்று ஒருவன் விரைந்து முடித்தால், நாளை அதுவே எல்லாருக்கும் கட்டளையாகும். கூலி மட்டும் உயராது என்று அஞ்சினார்கள். பின்னர் அமெரிக்கப் பேரவையும், படைத்துறைக்கு ஒதுக்கிய பணத்தைக் கொண்டு அவ்வாறு ஸ்டாப் வாட்ச் வைத்து அளக்கலாகாது என்று தடை விதித்தது.

நம் தெருக்காரரின் கையிலும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அவர் பின்னே எவரும் நிற்கவில்லை. ஆனால் அவருக்குள்ளேயே ஒரு முதலாளி இருக்கிறார். நேற்று 20 வீடு முடித்தாய், இன்று 22 முடி. இன்று 22 முடித்தாய், நாளை 25 முடி என்று அந்த முதலாளி சொல்லிக்கொண்டே இருப்பார். அவரை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்யச் சங்கம் கிடையாது. பிறர் கொடுமையிலிருந்து தப்பியவரும் தம் ஆசையின் கொடுமையில் சிக்கிக்கொள்வது இப்படித்தான்.

ஆதலால்தான் கில்பிரெத்தும், உளவியல் அறிஞரான அவர் மனைவி லில்லியனும், 1916-இல் களைப்பைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார்கள். தேவையற்ற களைப்பைப் போக்குவதும், தேவையான களைப்புக்கு உரிய ஓய்வு தருவதும் வேலையின் ஒரு பகுதியே என்பது அவர்கள் கண்ட முடிவு. அசைவுகளை எண்ணியவர்களே ஓய்வையும் கணக்கில் சேர்த்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. ஓய்வைச் சேர்க்காத கணக்கு முழுக் கணக்கு ஆகாது.

நாம் போட்ட கணக்கை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஒழுங்கினால் 100 நிமிஷம் மிச்சமாயிற்று. அந்த 100 நிமிஷத்தை வைத்துக்கொண்டு நம்மவர் இன்னும் சில வீடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். குடும்பத்துக்குத் தேவையானால் அதுவும் நியாயமே. அல்லது மாலை ஐந்து மணிக்குப் பதில் மூன்றரை மணிக்கு முன்பே வீடு திரும்பி, பள்ளியிலிருந்து வரும் குழந்தையை வாசலில் நின்று வரவேற்கலாம். எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருக்கிறது. அந்த உரிமைதான் அவர் உழைத்துச் சம்பாதித்த உண்மையான கூலி. கடிகாரம் எவ்வளவு மிச்சம் என்று மட்டுமே சொல்லும். எதற்காக என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு வகையில் தனித்தொழில் செய்பவர்களே. உங்கள் படிப்பு நேரத்துக்கு நீங்களே முதலாளி, நீங்களே தொழிலாளி. இன்றிரவு மேசைமுன் அமரும்போது ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். மேசைமுன் இருந்த நேரம் எவ்வளவு? அதில் புத்தகத்தின் மேல் கண் இருந்த நேரம் எவ்வளவு? பேனா தேடியது எவ்வளவு, குறிப்பேடு தேடியது எவ்வளவு, எதைப் படிப்பது என்று எண்ணிக்கொண்டிருந்தது எவ்வளவு? படிக்கும் வேகத்தைக் கூட்ட வேண்டாம். தேடும் நேரத்தைக் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதியை விளையாட்டுக்கும் உறக்கத்துக்கும் கொடுங்கள்.

அந்த இங்கிலாந்துத் தெருவில் மாலை ஆகிறது. நம்மவர் கடைசிச் சாளரத்தை முடித்துவிட்டார். கருவிகளைக் கழுவி, உரிய இடங்களில் வைத்து, நாளைக்கென்று புது ரப்பரையும் பொருத்திவிட்டார். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து பார்க்கிறார். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அவர் அவசரமின்றி நடந்து போகிறார். நாளையும் அவர் இத்தெருவுக்கு வருவார்; அடுத்த மாதமும் வருவார்.